கள்ளனுக்குப் பவுடர்

"அவன் மூஞ்சிக்கு நான் பவுடர் போடமாட்டேன் மேடம். வேற ஆளைப் பாருங்க."

ஜெபமலர் பிரஷ்ஷை மேசையில் வைத்தாள். சானலில் மேக்கப் வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்தில் பத்மஜாவை அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

வரப்போகிறவன் ஓடிளக்கி ஷிபு. தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். இவன் ஓட்டைப் பிரித்து இறங்கி எடுத்துக்கொண்டு போகிறவன். திருவனந்தபுரத்தில் பாதித் தெருக்களுக்கு இவனால் உறக்கம் கெட்டது. தண்டனை முடிந்து வந்ததும் சுயசரிதை எழுதினான். இப்போது போகிற இடமெல்லாம் அவனோடு செல்ஃபி எடுக்க ஆள் நிற்கிறது.

அவனைத்தான் பத்மஜா தன் ஏழு மணி நேரலைக்குக் கூப்பிட்டிருந்தாள். 'கள்ளனுக்கு நாற்காலியா?' என்று காலையிலிருந்து ஃபேஸ்புக்கில் சானலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லாக் காய்ச்சட்டும் என்றுதான் ஜெபமலருக்கும் இருந்தது.

அவளுக்குக் காரணம் உண்டு. அவள் அம்மா தாசம்மாள் வேலைக்கு நின்ற வீட்டில் காசுமாலை காணாமல் போனது. இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். கேஸ் நிற்கவில்லை, 'கள்ளி' என்ற பேர் நின்றுவிட்டது. அப்புறம் ஒரு வீட்டிலும் அவளைச் சேர்க்கவில்லை. இருபது வருஷம் கழக்கூட்டத்தில் கட்டட வேலைக்குப் போய், சிமென்ட் சட்டி சுமந்துதான் மகளை வளர்த்தாள்.

எந்த வீடு என்று மகள் கேட்டால் மட்டும் சொல்லமாட்டாள். "போட்டும் மக்களே. கர்த்தருக்குத் தெரியும்லா" என்பாள்.

கர்த்தருக்குத் தெரிந்து என்ன செய்ய? குடியிருக்கிற காலனிக்குத் தெரியவில்லையே!

"எடுக்காத எங்கம்மா கள்ளி. எடுத்தவன் கெஸ்ட். நல்ல நியாயம் மேடம்!"

பத்மஜா கோபப்படவில்லை. "ஜெபா, நான் சொல்றதைக் கேளு. அவனுக்கு நல்லாவே போடு. ஹீரோ மாதிரி உட்காரணும். முகத்துல துளி கூச்சம் இருக்கக் கூடாது. முடிஞ்சதும் வீட்டுக்கு ஓடிடாதே, ஸ்டுடியோ ஃப்ளோர்லயே நில்லு. அம்மாவையும் டிவி பார்க்கச் சொல்லு."

"எங்கம்மாவா? இவனையா?"

"சொல்லு. மறந்துடாதே."

பார்க்கிற ஆள் கூடினால் போதும், இவர்கள் பெற்ற தாயைக்கூட விற்றுவிடுவார்கள் என்று ஜெபமலர் நினைத்தாள். காலையில் முதல் வேலை ராஜினாமா. ஆனாலும் அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னாள், அதுவும் எதற்கென்று தெரியாமல்.

ஷிபு வந்து உட்கார்ந்தான். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தான். "மீசையைக் கொஞ்சம் கறுப்பாக்கு மோளே. நாலு பேர் பார்க்கிறதில்லையா!"

பல்லைக் கடித்துக்கொண்டு கறுப்பாக்கினாள்.

நேரலை தொடங்கியது. பேச்சு மலையாளத்தில்தான். நமக்குத் தமிழில்.

"சேட்டா, உங்களைக் கள்ளன்னு சொல்றது தப்பு. நீங்க கலைஞர்" என்றாள் பத்மஜா.

கேமராவுக்குப் பின்னால் நின்ற அகில் தலையில் அடித்துக்கொண்டான்.

"போன வாரம் போன்ல ஒண்ணு சொன்னீங்களே, புத்தகத்துல எழுதாத வேலை. அதைச் சொல்லுங்க."

ஷிபு நிமிர்ந்து உட்கார்ந்தான். "அதா! வலியசாலையில ஒரு ஓட்டுவீடு. அடுக்களையில அரிசிப் பானை. கையை விட்டா அடியில காசுமாலை! இறங்கினதும் தெரியாது, ஏறினதும் தெரியாது. போகும்போது ஓட்டை ஒண்ணொண்ணா அடுக்கி வச்சுட்டுத்தான் போனேன். தமாஷ் என்னன்னா, மறுநாள் போலீஸ் பிடிச்சது யாரைங்கிறீங்க? முற்றம் பெருக்க வந்த வேலைக்காரியை!"

தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

ஜெபமலரின் கையில் போன் அதிர்ந்தது. அம்மா. ஃப்ளோரில் போன் எடுக்கக் கூடாது. எடுத்தாள்.

"மக்களே... அந்த வீடுதான். அந்தக் காசுமாலைதான்." தாசம்மாள் டிவி சத்தத்துக்கு மேலே கத்தினாள். "சத்தத்தைக் கூட்டி வச்சிருக்கேன். காலனி முழுக்க நம்ம வாசல்லதான் நிக்கி. எல்லாரும் கேட்டாச்சு மக்களே, எல்லாரும் கேட்டாச்சு!"

பின்னால் கைதட்டலும் விசிலும் கேட்டன. இருபது வருஷம் தாசம்மாளைக் கண்டால் கதவைச் சாத்திய காலனி அது. ஜெபமலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் அழுததே இல்லை.

"அந்த வேலைக்காரி பேர் தெரியுமா?" பத்மஜா கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்!"

"எனக்குத் தெரியும். தாசம்மாள்."

ஷிபுவின் சிரிப்பு பாதியில் நின்றது. பத்மஜா அவனை விட்டுவிட்டு கேமராவைப் பார்த்துத் திரும்பினாள். யாரும் சொல்லாமலே அகில் ஃப்ரேமைச் சுருக்கினான். கறுப்பாக்கிய மீசையோடு கள்ளன் திரைக்கு வெளியே போனான்.

பத்மஜா மலையாளத்தையும் விட்டாள். அந்த அக்கிரகாரத் தமிழை அவள் வாயில் ஜெபமலர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"தாசம்மா, எங்காத்து அடுக்களைக்குள்ள உங்களை ஒருநாளும் கால் வைக்க விட்டதில்லை. அந்தப் பானையை நீங்க கண்ணால பார்த்ததுகூட இல்லை. அது தெரிஞ்சிருந்தும், நீங்க உள்ளே போனதைப் பார்த்தேன்னு போலீஸ்காராள்ட்ட சொன்ன பன்னண்டு வயசுப் பொண்ணு நான்தான்."