அதுக்கும் ஒரு பாடு

"இன்னாய்யா, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? இன்னிக்கு நம்ம பாடு!"

மரியம்மா போட்ட கூச்சலில் தோணிரேவு குப்பமே திரும்பிப் பார்த்தது. பின்னே? ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்தில் வலை போடும் முறைதான் பாடு; அது ஒரு குடும்பத்துக்கு இருபது நாளைக்கு ஒரு தடவைதான் வரும். அதுவும் இது இறால் சீசன்!

அவள் புருஷன் சந்தியாகுவோ வலையை வீட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினான். கரையில் படகுக்குப் பக்கத்தில், பாட்டில்களோடு ஒரு ஆபீசர் காத்திருந்தார்.

"நம்ம ஆளுங்களே செஞ்ச சாட்டிலைட்மே. மேலேருந்து ஏரியைப் படம் புடிக்குமாம். அந்த நேரத்துல சார் தண்ணி மொண்டு, ஆழம் பாக்கணும்."

"எதிர்த்தாப்புல ஸ்ரீஹரிகோட்டாவை வச்சுக்கினு ரஷ்யாவுல போய் வுட்டாங்களே, அதுவா? நாளைக்கு வரச் சொல்லு!"

"அதுக்கும் பாடு உண்டுமே. இருபத்திரண்டு நாளைக்கு ஒரு வாட்டிதான் வரும். இன்னிக்கு வுட்டா போச்சு."

போயே விட்டான்.

பாடு உள்ளவன் சர்க்கார் வேலையாகப் போனால், முந்தின நாள் ஆள் வலை போட்டுக்கொள்ளலாம். மற்றபடி, பாவம் பார்த்துக்கூட யாரும் தன் முறையைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ரெண்டு பேருக்கும் மூணு மாசம் ஏரியில் இடமில்லை. ஊர்க் கட்டுப்பாடு அப்படி.

முந்தின நாள் ஆள் ஆபிரகாம். நேத்து பேய்க்காத்தில் வெறும் வலையோடு திரும்பியவன். வீட்டில் பிள்ளை பெற்ற மகள் வேறு. விழுந்தடித்து ஓடினான்.

மத்தியானம் கூடை கொள்ளாத இறாலோடு கரையேறினான். "உன் புருஷனுக்கு சர்க்கார் மோகம் தலைக்கேறிப் போச்சு மரியம்மா!" என்று கிண்டல் வேறு. அவளுக்கு வயிறு எரிந்தது.

சந்தியாகுவின் படகு வந்ததும் நேரே ஆபீசரிடம் போனாள். "புடிச்சுதா சார் படம், உங்க சாட்டிலைட்டு?"

"அது நாளைக்குத்தானேம்மா வருது! நாளைக்குப் போனா போதும்னு சொன்னேன். இன்னிக்கே போய் இடம் பார்த்துடலாம்னு உங்க வீட்டுக்காரர்தான் ஒத்தக் கால்ல நின்னார்."

சந்தியாகு மும்முரமாகக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மரியம்மா அவனைப் பார்த்தாள். கூடையோடு வீட்டுக்கு ஓடும் ஆபிரகாமைப் பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை, சிரிப்புதான் வந்தது.

"மெதுவா பேசுங்க சார்!" என்றாள். "ஊர்ல யார் கேட்டாலும், சாட்டிலைட்டு இன்னிக்கும் வந்துச்சு, நாளைக்கும் வரும். அவ்ளோதான்!"