மறதி நோட்டு

‘இன்னைக்கு ஒரு நாள் அக்காவுக்கு எதுவும் மறக்காம இருந்துட்டா போதும். மூணு மணிக்கு விழா, நாலு மணிக்கு வீடு. அதுவரைக்கும் மானம் காப்பாத்தியாகணும்.’

இப்படி மனதுக்குள் முணுமுணுத்தபடி, அக்காவிடம் வேலை பழகும் சின்னவள் டூட்டி போர்டைப் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் எந்தப் பேருந்து எந்தத் தடத்தில் போகும், யார் ஓட்டுநர், யார் நடத்துநர் என்று சாக்பீஸில் நாற்பத்திரண்டு வரிகள். இருபத்தாறு வருடங்களாக இந்த டிப்போவில் அந்த டூட்டி சார்ட்டை எழுதிவருபவர், அதனாலேயே எல்லோருக்கும் சார்ட் அக்கா. இன்று அவர் ஓய்வு பெறுகிறார். நாளை முதல் சாக்பீஸ், சின்னவளின் கையில். அந்த நாளை அவள் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

பதினோராவது வரியில் அவள் கண் நின்றது. பயந்தது நடந்தேவிட்டது.

சம்பந்திகள் இருவரையும் ஒரே பேருந்தில் போட்டிருந்தார் அக்கா. பெண்ணைப் பெற்றவர் ஓட்டுநர், மாப்பிள்ளையைப் பெற்றவர் நடத்துநர். கல்யாணத்தன்று வந்த மனத்தாங்கலில் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இவர் விசில் கொடுக்க மாட்டார், விசில் வராமல் அவர் வண்டியை எடுக்க மாட்டார். டிப்போ பூனைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

சின்னவள் சட்டென்று அழித்து, ஆளை மாற்றி, அக்காவின் கையெழுத்திலேயே எழுதினாள். ஒரு வருடப் பழக்கத்தில் அந்தக் கையெழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உள்ளறையில் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். மறதி வந்த பிறகுதான் அந்த நோட்டும் வந்தது. பாவம், வீட்டு விலாசத்தைக்கூட அதில்தான் எழுதி வைத்திருக்கிறாரோ என்னவோ.

மறதியை முதலில் கண்டுபிடித்தவர் மெக்கானிக். ஏற்றத்தில் மூச்சு வாங்கும் பதினேழாம் வண்டியை அக்கா மேட்டுத் தடத்துக்கு அனுப்பப் பார்த்தார். வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தே பழக்கமில்லாத மனிதர், கிரீஸ் கையோடு ஓடிவந்து மாற்றச் சொன்னார். அடுத்தது காவலாளி. பூட்டிலேயே தொங்கிய சாவியை எடுத்து ஒளித்துவைத்து, அக்கா தேடும் முன்பே மேசையில் வைத்துவிட்டுப் போனார். யாரும் கூடிப் பேசவில்லை. ஆனாலும் மேலாளருக்குத் தெரியக்கூடாது என்பதில் மொத்த டிப்போவும் கூட்டுக் களவாணியாகிவிட்டது.

விழாவில் அக்காவைச் சுற்றி ஒரு வேலியே போட்டிருந்தார்கள். மேலாளர் பக்கத்தில் போனால் நடுவில் காவலாளி புகுந்தார். அக்கா பேச எழுந்தபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“நான் இங்க முதல் முதல்ல போட்ட தடம்...” என்று அக்கா ஒரு கணம் நிறுத்தினார்.

“ஒம்போது” என்று ஐந்து பேர் ஒரே குரலில் எடுத்துக் கொடுத்தார்கள்.

அக்கா தண்ணீர் குடிக்கத்தான் நிறுத்தியிருந்தார்.

பிறகு மேலாளர் பேசினார். போன ஒரு வருடத்தில் ஒரு வண்டிகூடத் தாமதமாகக் கிளம்பவில்லை என்றும், இப்படி ஒரு தலைமையை யாராவது வீட்டுக்கு அனுப்புவார்களா என்றும் கேட்டுவிட்டு, ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். இன்னும் ஒரு வருடப் பணி நீட்டிப்பு. அக்கா கையெழுத்துப் போட்டால் போதும்.

மெக்கானிக்குக்குப் புரை ஏறியது. காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். சின்னவளுக்கு மட்டும் உள்ளே எதுவோ சட்டென்று லேசானது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. இன்னும் ஒரு வருடம் அழித்து அழித்து எழுதிவிடலாம். அக்காவின் நாற்காலியில் உட்காருவதைவிட அது எவ்வளவோ மேல்.

விழா முடிந்து அக்கா உள்ளறைக்குப் போனதும், தாளோடு பின்னாலேயே ஓடியவள் அவள்தான். அக்கா பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு வருஷம்தான்க்கா. நீங்க சும்மா உக்காந்திருந்தாலே போதும். தப்பு வந்தா நாங்க பாத்துக்கறோம்.”

“என்ன தப்பு?”

சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கட்டிக் காத்த ரகசியம் அவள் வாயாலேயே போய்விட்டது. வயதானால் மறதி வருவது சகஜம்தான், யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எதையெதையோ சொல்லி மழுப்பினாள்.

அக்கா கோபப்படவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“படி.”

ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டுப் பிரித்திருந்தது. தேதி, நான் போட்டுவைத்த தப்பு, கண்டுபிடித்தவர், ஆன நேரம்.

‘பதினேழாம் வண்டி, மேட்டுத் தடம். யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் நானே மாற்றினேன்.’ அடுத்த வாரமும் அதே பதினேழு. ‘மெக்கானிக். இரண்டு மணி நேரம்.’ அதன்கீழே, ‘சாவி. காவலாளி. அரை மணி.’ பிறகு பக்கத்துக்குப் பக்கம் சின்னவள், சின்னவள், சின்னவள். ஒரு மணி நேரம். இருபது நிமிடம். ஒன்பது நிமிடம். கடைசி வரியில் இன்றைய தேதி.

‘பதினோராம் வரி, சம்பந்திகள். சின்னவள். நான்கு நிமிடம்.’

நோட்டை மூடாமலே, கைக்கு எட்டிய நாற்காலியை இழுத்து அவள் உட்கார்ந்தாள். அது அக்காவின் நாற்காலி என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

“இருந்தாலும் பயமா இருக்குக்கா” என்று சிரிப்பும் அழுகையுமாகப் பேனாவை நீட்டினாள். “ஒரே ஒரு கையெழுத்து.”

அக்கா பேனாவை வாங்கினார். தாளை ஒருமுறை பார்த்தார். பேனாவை மெதுவாக மூடி, சின்னவளுக்கு எதிரே மேசைமேல் வைத்தார்.

“கையெழுத்து எப்படிப் போடறதுன்னு மறந்துபோச்சும்மா” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.