தேசப்பனுக்கான ஜெபம்

உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் பாஸ்டர் நின்றிருந்தார். நாங்கள் சில பெண்கள் வெள்ளைப் புடவையில் கரையில் வரிசையாக நின்றோம். அடுத்தது என் முறை.

ஞானஸ்நானம் கீழ்புத்துப்பட்டுக் கடலில்தான் நடந்திருக்க வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் சபையே வேன் பிடித்து மரக்காணத்துக்கு வந்துவிட்டது.

என் ஊருக்கு.

என்னை யாரும் அறியாத இடம் வேண்டும் என்றுதான் நான் பஸ் ஏறி அந்தச் சபைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

உப்பளத்தில் என்னை யாரும் கொளஞ்சி என்று சொல்வதில்லை. சாராயத்தில் செத்தவன் பொண்டாட்டி. கள்ளச்சாராயச் சாவுகளுக்காக வந்த டிவிக்காரர்கள் வாசலில் மைக்கை நீட்டிவிட்டுப் போன பிறகு அதுதான் என் பெயர்.

சபையில் முதல் நாள் பாஸ்டரம்மா என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார். குடிப்பார் என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், தேசப்பன் குடியை விட்டுச் சபைக்கு வர வேண்டும் என்று கூட்டமே முழங்காலில் நின்று ஜெபித்தது. அவருக்காக யாரும் அப்படிக் கேட்டதில்லை. உயிரோடு இருந்தபோது நானும் கேட்டதில்லை.

ஆமென் சொல்லிச் சொல்லி, ஒரு ஞாயிறன்று, இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு நிச்சயமாகிவிட்டது. அதன் பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிப்போனது.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். வேனில் ஆளாளுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது இருமினேன். கரையிலும் சொல்லவில்லை.

அப்போதுதான் வரப்பில் அருக்காணி வந்தாள். தேசப்பனின் தங்கை. உப்பு வாரி முடித்து, முழங்கால்வரை சேறும் வெள்ளையுமாக, இடுப்பில் வெறுங்கூடையோடு.

“உப்புத் தண்ணியில முங்க இம்மாம் பெரிய கூட்டமா அண்ணி? நம்ம பாத்திக்கு வந்திருந்தா நானே முக்கி எடுத்திருப்பேனே.”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுபடியும் நான் சாராயத்தில் செத்தவன் பொண்டாட்டி. அதோடு, செத்தவன் திருந்த வேண்டும் என்று ஒரு சபையையே முழங்காலில் நிறுத்தி வைத்தவள்.

பாஸ்டரம்மா அருக்காணியை ஏற இறங்கப் பார்த்தார். பொட்டில்லாத நெற்றி. வளையல் இல்லாத கை. பூ வைக்காத கொண்டை. அவர் முகம் மலர்ந்தது.

“ஸ்தோத்திரம் சிஸ்டர். நீங்க எந்தச் சபை?”

அருக்காணி புருஷனை இழந்து ரொம்ப நாளாகிறது. தேசப்பனின் கருமாதியன்று என் பொட்டை அழித்ததே அவள்தான். தாலி அறுத்தவள் கையால்தான் அழிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

அவள் பாஸ்டரம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். பிறகு வரிசையில் நின்ற ஒவ்வொரு வெறும் நெற்றியாகப் பார்த்துக்கொண்டே வந்து, என்னிடம் நின்றாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏன் பொட்டு வைக்கவில்லை என்று யாரும் கேட்காத ஓர் இடத்தைத் தேடித்தான் நான் பஸ் ஏறியிருக்கிறேன். ஆண்டவரைத் தேடி இல்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணி என்று கூப்பிட்டதைப் பாஸ்டரம்மா கவனித்திருக்கிறார். தேசப்பனின் தங்கையா என்று கேட்டார். அவருக்காக நாங்கள் எல்லோரும் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம், இன்னமும் குடிக்கிறாரா என்று விசாரித்தார்.

அருக்காணி கூடையை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றினாள்.

“அண்ணன் வுட்டுடுச்சிங்க. இப்பல்லாம் தொடுறதே இல்ல. விடிஞ்சா எழுந்து உப்பு வாரப் போயிடுது.”

கரை முழுக்க அல்லேலூயா. யாரோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பாஸ்டர் தண்ணீரில் நின்றபடியே இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

அப்போதும் உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது. நான் தண்ணீரில் இறங்கினேன்.

விசுவாசிக்கிறாயா என்று பாஸ்டர் கேட்டார். விசுவாசிக்கிறேன் என்றேன். சபையாரிடம் நானும் அருக்காணியும் சொன்னவற்றில் அது ஒன்றுதான் பொய்யில்லை.

கிருபா என்று பெயர் வைத்து என்னை முக்கி எடுத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்தேன். பெண்கள் அருக்காணியைச் சூழ்ந்துகொண்டு அண்ணனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்றுச் சாயங்காலம் மீன் வாங்கி வந்தாராம். வீட்டுக் கூரையை மாற்றப் போகிறாராம்.

அவர் உயிரோடு இருந்தபோது அவள் அவரைப் பற்றி அப்படிச் சிரித்த முகமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

பாஸ்டர் என் புதுப் பெயரைச் சொல்லி மேலே போகச் சொன்னார்.

அவள் பேச்சில் தேசப்பன் உயிரோடு நடமாடிய அந்தக் கரையில் ஏற எனக்குக் கூசியது.