தேடக் கூடாத பெயர்

தன் விடுதிக் குழந்தைகளின் பாதுகாப்புக்காக என்று சொல்லித்தான் அந்த அறக்கட்டளை காவல்துறையின் குற்றப் பதிவுகளைப் பார்க்கும் அனுமதியை வாங்கியது. கடவுச்சொல் கைக்கு வந்ததும் செயலாளர் ஞானதுரை முதலில் தேடியது, தன் மகளைப் பெண் கேட்டு வந்தவனின் பெயரை.

அன்று விடுதியில் சமையல் வேலை கேட்டு வந்திருந்தாள் செண்பகவடிவு. ஞானதுரை அவள் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்து, பின்னால் வரிசையில் நின்ற பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

“பிராந்திக்கடையை உடைச்சு ஜெயிலுக்குப் போயிருக்கியேம்மா.”

“இருபத்தஞ்சு வருசம் ஆச்சு சார். ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்துதான் உடைச்சோம். கோர்ட்டுல விடுதலை பண்ணிட்டாங்க.”

“அது இதுல வரலையே. உன்னை நம்பிப் பிள்ளைகளை எப்படி விடுறது?”

“உங்க அறக்கட்டளைத் தலைவர் பேரையும் போட்டுப் பாருங்க சார். அந்தக் கடையே அவரோடதுதான். அங்க குடிச்சு மூணு பேரு செத்தாங்க.”

ஞானதுரை அவசரமாகத் திரையை அணைத்தார். “பெரியவங்க பேரையெல்லாம் இதுல தேடக் கூடாது.”

செண்பகவடிவு மேசையிலிருந்த தன் விண்ணப்பத்தை எடுத்து நான்காக மடித்தாள்.

“பிள்ளைங்களை உங்களை நம்பி விட்டிருக்காங்களே சார், அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு.”

“அடுத்து யாரு?” என்று கேட்டார் ஞானதுரை. வரிசையிலிருந்து யாரும் முன்னே வரவில்லை.