இன்னொரு பாய்

கொல்லிமலைக் குடிசைகளுக்கெல்லாம் ஏறி இறங்கி அலுத்துப்போன போதகர் ஞானாபரணத்துக்குக் கொஞ்ச நாளாகச் செபமே வரவில்லை. சனிக்கிழமை மாலை படுத்தவர், திங்கட்கிழமை விடிந்துதான் கண் விழித்தார். ஞாயிறு ஆராதனை போயிற்றே என்று பதறிக் கதவைத் திறந்தார்.

வாசலில் பலாப்பழத்தோடு நின்றாள், சமீபத்தில் மகனைப் பறிகொடுத்த மார்த்தாள்.

"நேத்துக் கோயில்ல நீங்க பிரசங்கமே பண்ணலீங்கய்யா. எம்பக்கத்துல உக்காந்து, நான் அழுது முடிக்கிற வரைக்கும் தோள் குடுத்தீங்க. அது போதுமுங்க."

அவள் போனபின் ஆணியில் தொங்கிய தன் அங்கியைத் தொட்டுப் பார்த்தார். தோள்பக்கம் ஈரமாக இருந்தது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். வெகுநாளைக்குப் பிறகு அது நெஞ்சிலிருந்து வந்தது.

அன்று படுக்கும்போது தன் பாயருகே இன்னொரு பாயும் விரித்தார். ஆண்டவருக்கும் களைப்பாக இருக்குமே.