இன்றைக்குப் பையில் யார்?

தணிகாசலத்தின் மேசைமேல் ஒரு மடக்குக் கத்தியும் ஒரு மடக்குக் குறடும் குடியிருந்தன. குறட்டின் வயிற்றுக்குள் ரம்பம், திருப்புளி, கத்தரி என்று பதினான்கு கருவிகள் மடங்கிக் கிடந்தன. தினமும் காலையில் தணிகாசலம் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார், பெருமூச்சு விடுவார், ஒன்றை மட்டும் பேன்ட் பையில் போட்டுக்கொள்வார். இன்றைக்குத் தன் முறைதானா என்று கத்தி துள்ளும்.

"ஒத்தை அலகை வெச்சுக்கிட்டு இந்தத் துள்ளு துள்ளுறியே!" என்று குறடு சீண்டும்.

"உனக்குப் பதினாலு இருக்கே, ஒண்ணாவது வேலை பார்த்திருக்கா?" என்று கத்தி சீறும். அது இதுவரை வெட்டியது காகிதம் மட்டுமே. அதுவும் கூர் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

பக்கத்தில் கிடக்கும் ஸ்கூட்டர் சாவியோடு இருவருக்குமே பேச்சு கிடையாது.

ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் கூரியரில் பெட்டி வந்தது. சுற்றிலும் டேப்.

"யாரு உசத்தின்னு இன்னிக்குத் தெரிஞ்சுடும்" என்று கத்தி சிலிர்த்தது.

தணிகாசலம் கத்தியை எடுத்தார். "பசை ஒட்டிக்குமே" என்று கீழே வைத்தார். குறட்டை எடுத்தார். "கீறல் விழுமே" என்று அதையும் வைத்தார். பிறகு சாவியால் டேப்பை வறட்டுவறட்டென்று கிழித்தார்.

உள்ளே இரண்டு தோல் உறைகள் இருந்தன.

"நம்மளை எப்படித் தாங்குறாரு பார்த்தியா?" என்று குறட்டிடம் சொல்லிக்கொண்டே கத்தி உறைக்குள் நுழைந்தது. "அந்தச் சாவியைப் பாரு, பல்லெல்லாம் பசை. கொஞ்சமாவது சுத்தம் வேண்டாம்?"

சாவிக்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை. ஸ்கூட்டரைக் கிளப்ப வேண்டியிருந்தது.