கொஞ்சம் எரியணும்

"தொண்டையில இறங்கும்போது கொஞ்சம் எரியணும்டா. அதுக்கு என்ன சேர்க்கணும்னு மட்டும் சொல்லு. அவ வர்ற நேரமாச்சு."

சமையலறையிலிருந்து கணவனின் குரல் கேட்டதும் கூடத்திலேயே நின்றுவிட்டாள் அவள். வெயில் கொளுத்தியதில் அவள் வேலை பார்க்கும் அழகு நிலையத்துக்கு ஆளே வரவில்லை. சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள்.

மறுமுனையில் யார் என்று கேட்கவே வேண்டாம். ஓட்டல் பாரில் மதுக் கலவை போடும் சிநேகிதன். 'குலுக்கி' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று அவளே தடை போட்டிருந்த ஆள்.

சாத்தியிருந்த கதவைத் தள்ளினாள்.

"யார்கிட்ட பேச்சு?"

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் போனை அவசரமாகச் சட்டைப் பையில் போட்டான். "கம்பெனியிலேர்ந்து. ஒரு லிஃப்ட் மக்கர் பண்ணுதாம்."

"லிஃப்டுக்குத் தொண்டை எரியுதாமா?"

அவள் கண் அவனைத் தாண்டிப் போனது. மேடையில் பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோல்கள், நசுக்கிய புதினா, ஈரத்துணியில் சுற்றி உடைத்த ஐஸ். இரண்டு உயரமான கிளாஸ்களில் சோடா நுரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில்.

"ரெண்டு கிளாஸ் எதுக்கு?"

"ஒண்ணு உனக்கு. வெயிலுக்கு நல்லதுமா."

"என்கிட்டயே நீட்டுற அளவுக்குத் துணிஞ்சாச்சா? அந்த பாட்டில்ல என்ன?"

"அதைத் தொடாத. இன்னும் ஊறல."

பிடுங்கி மூடியைத் திறந்தாள். நாள் முழுக்க தலைமுடிச் சாய வாடையிலேயே நின்றாலும், அந்த ஒரு வாசனையை மட்டும் அவள் மூக்கு தவறவிடாது. இஞ்சி, மிளகு. வேறொன்றும் பிடிபடவில்லை. அதுவே சந்தேகத்தைக் கிளறியது.

"வாசனை தெரியாம இருக்கத்தானே இஞ்சியைப் போட்டு அமுக்கியிருக்கீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தேட ஆரம்பித்தாள். அரிசி டப்பாவுக்குள், வாஷிங் மெஷினுக்குப் பின்னால், கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு அடியில். ஒளித்துவைக்கும் இடமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரக் கூடாதுன்னு பேசியிருக்கோமா, இல்லையா?"

"பேசியிருக்கோம். வரவும் இல்ல."

"அப்புறம் எதுக்கு அந்தக் குலுக்கி?"

அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "உங்க முதலாளியம்மா போன் பண்ணாங்க. நாளைக்கு மொட்டைமாடி விருந்துக்கு வரலன்னு சொல்லிட்டியாமே? தலைவலின்னு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லார் கையிலயும் கிளாஸ் இருக்கும், நாம மட்டும் எப்படி நிக்கிறதுன்னுதானே?"

அவன் ஒரு கிளாஸில் பழுப்புச் சாற்றை நாலு சொட்டு விட்டு, தானே ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு, அவள் முன்னால் நகர்த்தினான்.

"பார்க்கிறதுக்கு அதே மாதிரி இருக்கும், கொஞ்சம் எரியவும் செய்யும். பிளாஸ்க்ல ஊத்தித் தர்றேன், எடுத்துட்டுப் போ. குடியை விட்ட பாவத்துக்கு, நீ ஏன்மா வீட்டுக்குள்ளயே முடங்கிக் கிடக்கணும்?"